கூட வருபவர் பெயர்: ஓர் எண்டோஸ்கோப்பிக்காக லீட்ஸிலிருந்து அன்னூர் வரை

சென்ற பிப்ரவரியில் பன்னிரண்டு நாள் விடுப்பு எடுத்து, இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்திலிருந்து அன்னூருக்கு வந்தேன். கோயம்புத்தூரில் ஒரு வயிற்றுப் பரிசோதனை செய்துகொண்டு திரும்பினேன். வெளிநாட்டில் இருக்கும் நம்மவர்கள் பலர் பல்லுக்கும் கண்ணுக்கும் முழு உடல் பரிசோதனைக்கும் ஊருக்கு வருகிறார்கள். அப்படி வர நினைப்பவர்களுக்காக நேரம், தூரம், செலவு எல்லாவற்றையும் குறித்துவைத்தேன். ஆனால் நான் ஏன் வந்தேன் என்பதை மறைத்துவிட்டு மற்றதை மட்டும் எழுதினால் யாருக்கும் உதவாது. சொல்லக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்.

நவம்பரிலிருந்து மேல்வயிற்றில் ஓர் எரிச்சல். சாப்பிட்டால் கூடியது, சாப்பிடாவிட்டாலும் இருந்தது. ஜனவரிக்குள் ஐந்து கிலோ குறைந்திருந்தேன். என் அப்பா இரைப்பைப் புற்றுநோயில் இறந்தவர். நான் பதினொன்றாம் வகுப்பு படிக்கும்போது அவருக்கும் இப்படித்தான் எரிச்சலாக ஆரம்பித்தது. யார் கேட்டாலும் "பரவாயில்லீங்க" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். அதனால் நான் மேலும் காத்திருக்கவில்லை. ஒரு திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு எங்கள் பகுதி மருத்துவரின் அலுவலகத்துக்குப் போன் செய்தேன். போனிலேயே நாற்பது நிமிடம் காத்திருந்த பிறகு எடுத்தார்கள். அன்றே 11.20க்கு வரச் சொன்னார்கள். மருத்துவர் கதவைச் சாத்தினார், என் பெயரை எப்படி உச்சரிக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார், அப்பாவைப் பற்றி நான்கு கேள்விகள் கேட்டார். வாய் வழியாகக் குழாய் விட்டு வயிற்றைப் பார்க்கும் எண்டோஸ்கோப்பிக்குப் பன்னிரண்டாம் நாள் நேரம் கிடைத்தது. பணம் எதுவும் கட்டவில்லை. (விசா எடுக்கும்போதே இதற்கென்று ஒரு தொகையைக் கட்டியாகிவிட்டது.) அங்கே மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். மூட்டு வலிக்கு அப்படிக் காத்திருக்கும் சக ஊழியரை எனக்கே தெரியும். எனக்கு அப்படி நடக்கவில்லை.

மருத்துவமனையிலிருந்து இரண்டு தாளில் கடிதம் வந்தது. இரண்டாவது தாளில் ஒரு கட்டம். மயக்க மருந்து வேண்டுமென்றால் ஒருவர் வந்து உங்களை அழைத்துக்கொண்டு போக வேண்டும், மறுநாள் வரை உடன் இருக்க வேண்டும், அவர் பெயரையும் தொலைபேசி எண்ணையும் இங்கே எழுதவும்.

லீட்ஸில் எனக்கு இரண்டு வருடம் நான்கு மாதம். நான்கு அறைகள் உள்ள வீட்டில் ஓர் அறை என்னுடையது. எதிர் அறையில் அபெனா. கானா நாட்டுப் பெண், முதியோர் இல்லத்தில் வேலை. குளிர்பெட்டியில் ஒரே அடுக்கைப் பங்கிட்டுக்கொள்கிறோம். பார்த்தால் சிரிப்போம், அவ்வளவுதான். அலுவலகத்தில் நல்லவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் ஒருத்திக்குச் செய்தி தட்டச்சு செய்து, அனுப்பாமல் அழித்தேன். இரண்டு முறை. பரிசோதனைக்கு நான்கு நாள் இருக்கும்போது மருத்துவமனையிலிருந்து ஒரு பெண் போன் செய்து, யார் வருகிறார்கள் என்று கேட்டார். "யாரும் இல்லை" என்றேன். அவர் அன்பாகவே பேசினார். தொண்டையில் மருந்து அடித்து, மயக்கமில்லாமலும் செய்யலாம், அப்படியென்றால் தனியாகவே வந்து போகலாம் என்றார். அப்பாவுக்கு அப்படித்தான் செய்தார்கள். அவர் உள்ளே ஓங்கரித்த சத்தம் கதவுக்கு வெளியே நின்ற எனக்குக் கேட்டது. யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். திரும்பக் கூப்பிடவில்லை. அன்று மாலையே 548 பவுண்டுக்கு விமான டிக்கெட் எடுத்தேன். அம்மாவிடம், "இங்க ரொம்ப நாள் காத்திருக்கணும்மா, அங்கயே வந்து பாத்துக்கறேன்" என்று பொய் சொன்னேன்.

எதிர் அறைக் கதவு என் கதவிலிருந்து ஐந்து அடி. அதைத் தட்டக் கூச்சப்பட்டு எட்டாயிரம் கிலோமீட்டர் பறந்தேன். இதுதான் நடந்தது.

லீட்ஸிலிருந்து மான்செஸ்டர் விமான நிலையத்துக்கு ரயிலில் ஒரு மணி இருபது நிமிடம், 22 பவுண்டு. பிற்பகல் இரண்டு மணிக்கு விமானம். அபுதாபியில் மூன்று மணி நேரம் காத்திருந்து, மறுநாள் காலை ஒன்பதரைக்குக் கோயம்புத்தூரில் இறங்கினேன். விமான நிலையத்திலிருந்து அன்னூர் 25 கிலோமீட்டர், வாடகைக் கார் 800 ரூபாய். காளப்பட்டி வழியாகக் குரும்பபாளையம் போய்ச் சத்தி ரோட்டைப் பிடித்தால் ஐம்பது நிமிடம்.

காரில் ஏறி ஐந்து நிமிடத்துக்குள் டிரைவர் அண்ணன் ஆரம்பித்தார். "எந்த நாட்டுல இருந்துங்க அம்மணி வாரீங்க?"

சொன்னேன்.

"அங்கெல்லாம் ஆஸ்பத்திரிக்குக் காசே வாங்க மாட்டாங்களாமே, நெசமுங்களா?"

"ஆமாங்கண்ணா. போறப்ப வாங்க மாட்டாங்க."

"பாருங்க! எங்க மச்சானுக்குக் கால்ல பிளேட் வெச்சதுக்கு ஒரு ஆட்டோவையே வித்துப்போட்டோமுங்க." கொஞ்ச தூரம் போனதும் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "லீவுக்குத்தானுங்களே வந்திருக்கறீங்க?"

"ஆமாங்கண்ணா" என்றேன். ஓசி ஆஸ்பத்திரியை விட்டுவிட்டு இங்கே காசு கொடுத்துப் பார்க்க வந்திருக்கிறேன் என்று அவரிடம் எந்த வாயால் சொல்வது?

வீட்டில் அம்மா ஏற்கெனவே பையைக் கட்டி வைத்திருந்தார். பை என்றால் வயர்க்கூடை. அப்பாவுடன் நாற்பது நாள் அரசு மருத்துவமனையில் இருந்தபோது கொண்டு போன அதே பச்சை, மஞ்சள் கூடை. பிளாஸ்க், டம்ளர், துண்டு, பெட்ஷீட், பிஸ்கட், கீழே விரித்து உட்கார நான்கு பழைய பேப்பர், வாந்தி வந்தால் பிடிக்க இரண்டு கேரி பேக். அம்மா நூல் மில்லில் வேலை செய்பவர். இரண்டு நாள் லீவு சொல்லியிருந்தார். கூடையைப் பார்த்ததும் எனக்கு ஏதோ பண்டிகைக்கு வந்துவிட்டது போல இருந்தது. இது விசித்திரமாகத் தோன்றலாம். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

புதன்கிழமை காலை 6.40க்கு அன்னூரில் பஸ். காந்திபுரம் 30 கிலோமீட்டர், 7.50க்குப் போய்ச் சேர்ந்தோம். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இலவசம் என்பதால் எங்கள் இருவருக்கும் செலவில்லை. அங்கிருந்து மருத்துவமனைக்கு ஆட்டோ 80 ரூபாய். அது ஒரு தனியார் மருத்துவமனை. பெயர் எழுதவில்லை, இது விளம்பரம் அல்ல. பதிவு செய்யும் இடத்தில் இருந்த பெண் தலை நிமிராமலே கேட்டார்: "பேஷண்ட் பேரு? வயசு? கூட வந்த அட்டெண்டர் யாருங்க?"

"நானுங்க" என்று அம்மா ஒரு அடி முன்னால் வந்தார். "அம்மாங்க."

அந்தப் பெண் ஒரு நொடியில் தட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். நான் அந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். லீட்ஸில் ஒரு வாரம் வெறுமையாகக் கிடந்த கட்டம் இங்கே அவ்வளவு சுலபமாக நிரம்பியது.

பதிவுக்கு 150, மருத்துவருக்கு 600, மயக்க மருந்தோடு எண்டோஸ்கோப்பி 4,200, சதைப் பரிசோதனைக்கு (பயாப்ஸி) 1,800. எல்லாம் முதலில் கட்ட வேண்டும். கட்டிய ரசீதைக் காட்டினால்தான் அடுத்த கதவு திறக்கும். இதை மட்டும் அங்கே உள்ளவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது.

மருத்துவர் அறைக்குள் எங்களுக்குப் பின்னாலேயே அடுத்த நோயாளியும் அவர் மனைவியும் ஃபைலோடு வந்து நின்றுகொண்டார்கள். யாரும் வெளியே போகச் சொல்லவில்லை. மருத்துவர் என்னிடம் இரண்டு கேள்வி கேட்டார், பிறகு அம்மாவிடமே பேசினார். "புள்ளைக்கு எத்தன நாளாம்மா வலி? ஒழுங்கா சாப்பிடுதா?" அம்மா, வாரம் ஒருமுறை வீடியோவில் பார்த்ததை வைத்தே எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். முக்கால்வாசி சரியாகவும் இருந்தது. பிறகு மருத்துவர் நான் கொண்டு வந்த இங்கிலாந்துக் கடிதத்தைப் படித்தார்.

"அங்கயே பன்னண்டு நாள்ல டேட் குடுத்திருக்காங்களேம்மா. ஏன் பண்ணிக்கல?"

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் மெதுவாக, அம்மாவுக்குப் புரியக் கூடாதென்று ஆங்கிலத்தில் சொன்னேன். மருத்துவர் அதை உரக்கத் தமிழில் திருப்பிச் சொன்னார்: "கூட வர்றதுக்கு ஆள் இல்லையா? அதுக்காகவா இங்க வந்தீங்க?"

நர்ஸோடு சேர்த்து அறையில் ஆறு பேர் இருந்தோம். ஆறு பேருக்கும் தெரிந்துவிட்டது.

வெளியே வந்து நாற்காலியில் உட்கார்ந்தோம். அம்மா கூடையிலிருந்து துண்டை எடுத்து மடித்தார், மறுபடி பிரித்தார், மறுபடி மடித்தார். அப்போதுதான் எங்களுக்குப் பின்னால் நின்றிருந்த அந்த அம்மாள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். மேட்டுப்பாளையத்துக்காரர், பெயர் சரசு. கணவருக்குப் பாக்கு மண்டி. அவருக்கும் அன்று எண்டோஸ்கோப்பி.

"ஏனுங்க, உங்க புள்ளைதானுங்களா, கூட வர ஆளில்லீன்னு ஏரோப்ளேன் புடிச்சு வந்தது?"

எனக்கு நாற்காலிக்கு அடியில் போய்விடலாம் போல இருந்தது. அம்மா சிரித்துவிட்டார். "ஆமாங்கக்கா. பக்கத்து ரூம்புல கேக்க வெக்கமாமா. ஆகாசத்துல வரதுக்கு வெக்கமில்லீங்க."

"எங்கூட்டுக்காரருக்கு நேர் எதிருங்க. நேத்திருந்து மண்டிக்கு வர்றவிங்க அத்தன பேர்த்தையும் கூட வா, கூட வான்னு கூப்புட்டுப்போட்டாரு. வேன் வெச்சுக் கூட்டியாரணும்னாரு."

அவர் கணவர் எதிர் நாற்காலியிலிருந்து, "ஏ சரசு, சும்மா இரு" என்றார். ஃபைலை மார்போடு அணைத்துப் பிடித்திருந்தார்.

10.50க்கு என்னை உள்ளே கூப்பிட்டார்கள். கையில் ஊசி குத்தியது நினைவிருக்கிறது. கண் விழித்தபோது 11.35. கட்டில் பக்கத்தில் அம்மா இல்லை. சரசக்காதான் என் செருப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "உங்கம்மா லேபுக்குப் போயிருக்குதுங்க கண்ணு. வந்துரும். பேசாத, தொண்ட நோவும்."

இதுவும் தெரியாதவர்களுக்காக எழுதுகிறேன். இங்கே பல இடங்களில் எடுத்த சதையை ஒரு சின்ன பாட்டிலில் போட்டு நம் கையில்தான் கொடுப்பார்கள். அட்டெண்டர், அதாவது கூட வந்தவர், அதை லேபில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும், ரசீது வாங்க வேண்டும், மருந்து வாங்கி வர வேண்டும். மருத்துவமனையின் பாதி வேலையைக் கூட வந்தவர்கள்தான் செய்கிறார்கள். அம்மாவுக்கு ஆங்கிலப் பலகை படிக்க வராது. அந்தப் பாட்டிலை முந்தானைக்குள் இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு, எதிரில் வந்த ஒவ்வொருவரிடமும் "ஏனுங்க, லேபு எங்கீங்க?" என்று கேட்டுக்கேட்டு மூன்று மாடி ஏறிப் போயிருக்கிறார். பிறகு சரசக்கா காபி வாங்கப் போனபோது, அவர் கணவருக்கு அம்மா காவல்.

மருத்துவர் வந்து, புண் இருக்கிறது, பார்வைக்குப் பயப்படும்படி இல்லை, ஆனால் ரிப்போர்ட் வராமல் சொல்ல மாட்டேன் என்றார். திங்கட்கிழமை வரச் சொன்னார். திரும்பும் பஸ்ஸில் சரவணம்பட்டி தாண்டியதும் அம்மா ஆரம்பித்தார்.

"அந்த எதுத்த ரூம்பு புள்ளைகிட்டக் கேட்டா என்ன, கடிச்சா போட்ருவா?"

"தொந்தரவு குடுக்க வேண்டாம்னுதாம்மா."

"ம்க்கும். ஏரோப்ளேன்காரனுக்கு மட்டும் தொந்தரவு குடுக்கலாமாக்கும்." அவ்வளவுதான் சொன்னார். கோவில்பாளையம் வருவதற்குள் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார்.

புதன் முதல் திங்கள் வரை ஐந்து நாள். எனக்கு அப்பாவுக்கு வந்ததே வந்திருக்குமோ என்ற நினைப்பை ஒதுக்க, பழையதை நினைத்துக்கொண்டிருந்தேன். அப்பாவைச் சேர்த்த அன்று "கூட வந்தவங்க யாரு?" என்று கேட்டபோது அம்மா என்னை முன்னால் தள்ளினார். வீட்டில் படிக்கத் தெரிந்தவள் நான் மட்டும்தான். பள்ளியில் டீச்சர் கேட்டால் தெரிந்த பதிலைக்கூடச் சொல்லாத நான், அங்கே எந்த அறை, எந்தச் சீட்டு, எத்தனை மணிக்கு டாக்டர் என்று எல்லாரிடமும் கேட்டேன். வராந்தாவில் எங்களைப் போலவே பேப்பர் விரித்துப் படுத்திருந்தவர்கள் பல்லடம், அவிநாசி, சூலூர் என்று ஒவ்வோர் ஊர். யாருக்குச் சாப்பாடு வந்தாலும் பக்கத்தில் இருப்பவருக்கும் ஒரு கை. வெந்நீர் எங்கே கிடைக்கும் என்பது எனக்குத் தெரிந்ததும், பதினோரு பிளாஸ்க்குகளை நானே நிரப்பி வருவேன்.

அப்பா போன பிறகும் அது நிற்கவில்லை. கல்லூரிக்குக் கோவை போக ஆரம்பித்ததும், தெருவில் யாருக்கு உடம்பு முடியாவிட்டாலும் எங்கள் வீட்டுக்கு வருவார்கள். "கண்ணு, ஆஸ்பத்திரி வரைக்கும் கூட வாரியா?" நான் ஒரே கேள்விதான் கேட்பேன்: "எத்தன மணிக்குங்க?" பிரசவத்துக்குப் போயிருக்கிறேன், கண் ஆபரேஷனுக்கு, பாம்புக் கடிக்கு, ஒருமுறை வெறும் பல்வலிக்கு. ஒருவர்கூட எனக்குத் தொந்தரவாகத் தோன்றியதில்லை. உண்மையைச் சொன்னால், அந்த நாட்களில்தான் எனக்கு என்னைப் பிடித்திருந்தது. அடுத்தவருக்காகக் கேட்கும்போது எனக்குக் கூச்சம் வந்ததே இல்லை. வயர்க்கூடையைப் பார்த்ததும் பண்டிகை போல இருந்தது இதனால்தான்.

என்னைக் கேட்டவர்கள் எனக்குக் கொடுத்த அந்தச் சந்தோஷத்தை, லீட்ஸில் ஒருத்திக்குக் கொடுக்க நான் மறுத்திருக்கிறேன். இது ஞாயிற்றுக்கிழமை துணி காயப்போடும்போது தோன்றியது.

திங்கட்கிழமை 12.15க்கு ரிப்போர்ட். புற்று இல்லை. வயிற்றில் ஒரு கிருமி, அதனால் வந்த புண். பதினான்கு நாள் மாத்திரை, 1,340 ரூபாய். எட்டு வாரம் கழித்துப் புண் ஆறிவிட்டதா என்று மறுபடி எண்டோஸ்கோப்பி. "அத அங்கயே பண்ணிக்கம்மா. இந்தத் தடவ ஆளப் புடிச்சு வெச்சுக்க" என்றார் மருத்துவர். அம்மா வெளியே வந்ததும் முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தார். பிறகு முதல் போன் சரசக்காவுக்கு.

"அக்கா, ஒண்ணுமில்லீங்களாமா! … உங்கூட்டுக்காரருக்கு? … வெறும் கேஸுங்களா? … அதுக்கா அந்த மனுசன் உயிர வாங்குனாரு!" வராந்தா முழுக்கக் கேட்கும்படி இரண்டு பேரும் சிரித்தார்கள்.

எது நல்ல மருத்துவம் என்று யாராவது கேட்டால் எனக்கு ஒரு வரியில் சொல்லத் தெரியவில்லை. அங்கே கதவைச் சாத்தி, என்னை ஒரு முழு ஆளாக நினைத்து, என் உடம்பைப் பற்றி என்னிடமே பேசினார்கள். பணம் கேட்கவில்லை. நிலத்தை விற்ற, ஆட்டோவை விற்ற குடும்பங்களைப் பார்த்து வளர்ந்த எனக்கு அது சின்ன விஷயம் இல்லை. இங்கே வேகம் இருக்கிறது, ஆனால் ஒவ்வொரு கதவுக்கும் ரசீது வேண்டும். என் ரகசியம் பத்து நிமிடத்தில் மேட்டுப்பாளையம் வரை போய்விட்டது. ஆனால் அந்த ரகசியம் போகாமல் இருந்திருந்தால், நான் கண் விழித்தபோது என் செருப்பை மடியில் வைத்துக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருக்க மாட்டார்.

இனி, இப்படி வர நினைப்பவர்களுக்கு. மருத்துவரின் கடிதங்களை அச்செடுத்துக் கையில் கொண்டு வாருங்கள், செல்போனில் காட்டினால் இங்கே யாரும் படிக்க மாட்டார்கள். குறைந்தது பத்து நாள் வைத்துக்கொள்ளுங்கள், சதைப் பரிசோதனை முடிவுக்கு நடுவில் ஒரு ஞாயிறு கட்டாயம் வரும். ரிப்போர்ட்டையும் படங்களையும் கேட்டு வாங்குங்கள், திரும்பிப் போனதும் உங்கள் மருத்துவரிடம் கொடுக்க வேண்டும். மாத்திரைகளை மருந்துச் சீட்டோடு கைப்பையில் வையுங்கள். மருத்துவத்துக்கு ஆன மொத்தச் செலவு, பயணம் போக, பத்தாயிரம் ரூபாய்க்குள். ஆனால் அந்த 548 பவுண்டு அவசியமே இல்லாத செலவு. அவசரமாகப் பார்க்க வேண்டியதென்று அங்கே மருத்துவர் நேரம் வாங்கிக் கொடுத்திருந்தால், அதை விட்டுவிட்டு ஊருக்கு வராதீர்கள். என்னுடையது வேறு மாதிரி முடிந்திருந்தால், நான் வீணாக்கிய நாட்களுக்கு என்ன பதில் சொல்லியிருப்பேன் என்று இன்னும் தெரியவில்லை.

லீட்ஸ் திரும்பியதும் ரிப்போர்ட்டை என் மருத்துவரிடம் கொடுத்தேன்; ஆறாவது வாரம் மருத்துவமனையிலிருந்து கடிதம் வந்தது. அதே இரண்டு தாள், அதே கட்டம். இரண்டு நாள் மேசைமேல் கிடந்தது. மூன்றாம் நாள் மாலை கடிதத்தோடு எதிர் அறைக் கதவைத் தட்டினேன். அபெனா தலைமுடியைப் பின்னிக்கொண்டிருந்தாள், சீப்பு வாயில் இருந்தது. மன்னிக்கவும் என்று ஆரம்பித்து, தொந்தரவு என்று நடுவில் இரண்டு முறை சொல்லி, எப்படியோ முடித்தேன்.

அவள் சீப்பை எடுத்தாள். "எத்தனை மணிக்கு?" என்று கேட்டாள்.

 கடிதத்தை அவளிடம் நீட்டினேன். வியாழக்கிழமை, 10.40. அவளே பேனாவை வாங்கிக் கட்டத்தில் தன் பெயரை எழுதினாள். பிறகு, முதியோர் இல்லத்தில் அன்றைய வேலை நேரத்தை மாற்றிக்கொள்வதாகச் சொன்னாள். கதவைச் சாத்தப் போனவள் மறுபடி திறந்து, வரும்போது ஏதாவது கொண்டு வர வேண்டுமா என்று கேட்டாள்.

"ஒரு பிளாஸ்க்" என்றேன்.